எண்ணெய் இல்லாத ஞாயிறு

பெட்ரோலும் காஸும் கிடைக்காத காலத்துக்கு ஊரைப் பழக்க, ஒரு ஞாயிறு முழுக்க வண்டியும் காஸ் அடுப்பும் வேண்டாம் என்று வார்டு கூட்டத்தில் முடிவாயிற்று. முன்னின்றவள் பங்கஜாட்சி.

பஞ்சத்துக்குப் பழகச் சொன்னால் ஊர் பதுக்கப் பழகியது. சனிக்கிழமையே பனச்சமூடு எல்லை தாண்டி, விலை குறைந்த தமிழ்நாட்டுப் பம்பிலிருந்து கேன் கேனாகப் பெட்ரோல் வந்து இறங்கிவிட்டது.

ஞாயிறன்று அவள் வீடுவீடாகப் போனாள். கட்டிலுக்கடியில் இருந்த கேனை எல்லாரும் பெருமையாகக் காட்டினார்கள். தலையாட்டினாள், கோபம்கூட வரவில்லை.

அவள் வீட்டில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கணவன் செல்லையன் இரண்டு கேன்களோடு நின்றான்.

"நம்மளும் ரெடி ஆக்கும்."

"தீக்கிட்ட இருந்து கொஞ்சம் தள்ளி வைங்க," என்றாள்.