வேலிக்கு இந்தப் பக்கம்

பொம்பளைக்கு எதற்குக் கார் ரேஸ் என்று, கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கிற எங்கள் ஸ்கெலட்டன் லைனில் யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

என் பெயர் விமலா. ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டுக்காரர் தாமோதரன் நந்திதுர்க் சுரங்கத்தில் மரம் கட்டுகிற வேலையில் இருந்தார், பூமிக்கு அடியில் பாறை சரியாமல் முட்டுக் கொடுக்கிற வேலை. எங்களிடம் கார் கிடையாது. ஸ்கூட்டர்கூடக் கிடையாது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சைக்கிள், அதுவும் செயின் கழலுகிற சைக்கிள். ஆனால் எந்த வண்டி எந்த வளைவில் கியர் மாற்றும், எந்த எஞ்சின் இருமினால் என்ன வியாதி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சின்ன வயதில் அப்பா என்னைத் தோளில் உட்கார வைத்துச் சோழவரம் பழைய விமானத் தளத்தில் ரேஸ் காட்டினார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். தையல் மெஷினை டிவிக்கு நேராகப் போட்டு, கேபிளில் ரேஸ் ஓடும்போது ஒரு கண் ஊசியில், ஒரு கண் வண்டியில். இடது கை வலது கையாக மாறிப் போன ஜாக்கெட்டுகளுக்குக் கணக்கில்லை. வேறு தையல்காரியிடம் போகலாமே என்றால், யாரும் போக மாட்டார்கள். என் கை அப்படி.

எங்கள் ஊருக்கே விளையாட்டுப் பித்து உண்டு. சுரங்கத்துக்குச் சுரங்கம் ஃபுட்பால் டீம், ஹாக்கி டீம், குத்துச்சண்டை வீரர்கள். மேட்ச் அன்றைக்கு ஒருவன் "எந்த மைனு?" என்று கத்துவான், கூட்டம் மொத்தமும் "நம்ம மைனு!" என்று திருப்பிக் கத்தும். மைனு என்றால் சுரங்கம்தான். தோற்றாலும் அதே சத்தம்தான். ஜெயிப்பவனுக்குக் கை தட்ட உலகமே இருக்கிறது, நம்ம ஆளுக்கு நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அப்படிப்பட்ட ஊரில் முதல் முறையாக ஒருவன் கார் ரேஸ் ஓட்டப் போனான் என்றால் எங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவன் பெயர் டேவிட். எங்கள் லைனிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிற பர்னபாஸ் அண்ணனின் மகன். ராபர்ட்சன்பேட்டையில் மெக்கானிக் ஷாப் வைத்திருந்தான். யாரோ தூக்கிப் போட்ட பழைய ஃபியட்டை வாங்கி, சீட்டெல்லாம் பிடுங்கிவிட்டு, கவிழ்ந்தால் நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாய் வெல்டு வைத்து, முப்பத்தொன்று என்று கதவில் நம்பர் போட்டான். அந்த நம்பரை எழுதியது நான். தையல் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தேன், அவன் பெயிண்ட் அடித்தான். முப்பத்தொன்றில் அந்த ஒன்று மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. வேகமாகப் போனால் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

பர்னபாஸ் அண்ணன் சுரங்கத்தில் டப்புத் தள்ளுகிறவர். டப்பு என்றால் கல் நிரப்பிய இரும்புத் தொட்டி வண்டி. தண்டவாளத்தில் அதைத் தள்ளிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். இருபத்தெட்டு வருஷம் அதைத்தான் தள்ளினார். ஆள் குள்ளம், தோள் மட்டும் கதவு அகலம். பேச்சு ரொம்பக் குறைவு.

தொண்ணூற்றேழு கடைசியில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தடத்தில் புது ஆட்களுக்கான ரேஸ். அந்த சீசனில் மூன்று ரேஸாவது முழுசாக முடிக்கிறவனுக்குத்தான் அடுத்த வருஷம் பெரிய வண்டிகளோடு ஓட அனுமதி என்று ஒரு விதி. ஜெயிக்க வேண்டாம், முடித்தால் போதும். டேவிட்டுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

முதல் ரேஸுக்கு நாங்கள் எட்டுப் பேர் பங்காருபேட்டையில் ரயிலேறி, அரக்கோணத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். புளிச்சோறு, கொடி, தொண்டை எல்லாம் தயார். ஐந்தாவது சுற்றில் டேவிட்டின் ஃபியட் நாங்கள் நின்ற பார்வையாளர் வேலிக்கு நேராக வந்து மண்ணில் இறங்கி நின்றுவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சுரங்கத்துக்குள் டப்பு தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டால், பக்கத்தில் யார் இருந்தாலும் தோள் கொடுப்பார்கள். அவன் எந்த கேங், எந்த லெவல் என்று கேட்பதில்லை. "கை வெக்கட்டுமா?" என்று கேட்டாலே அது அவமரியாதை. அந்த ரத்தம்தானே எங்களுக்கும்? பர்னபாஸ் அண்ணன் வேலியைத் தாண்டியதை நான் பார்க்கவே இல்லை, ஏனென்றால் நான் அவருக்கு முன்னாலேயே தாண்டியிருந்தேன். எட்டுப் பேரும் தோள் வைத்தோம். வண்டி பூ மாதிரி ரோட்டில் ஏறியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. நாங்கள் போட்ட கூச்சலில் காக்கைகள் பறந்தன.

அடுத்த சுற்றில் கறுப்புக் கொடி காட்டி டேவிட்டை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள். வண்டி நின்றால் ஓட்டுகிறவன் மட்டும்தான் தள்ளலாமாம். வெளியாள் விரல் பட்டாலே ஆட்டம் காலி. இது என்ன சட்டம்? விழுந்தவனைத் தூக்கக் கூடாது என்று எந்த ஊரில் சொல்வார்கள்? இன்றைக்கும் நான் அந்தச் சட்டத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

டேவிட் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே போட்டான். சிவந்த முகத்தோடு அப்பாவைப் பார்த்தான்.

"நைனா, இனிமே நீங்க யாரும் வராதீங்க. எம்மேல பாசம் இருந்தா வூட்டிலயே குந்துங்க."

பர்னபாஸ் அண்ணன் அரக்கோணம் வரைக்கும் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் கையைப் பார்த்து ஒரு பிள்ளை அப்படிச் சொல்லலாமா?

அடுத்த இரண்டு ரேஸுக்கும் நாங்கள் போகவில்லை. டேவிட் இரண்டையும் முடித்தான். லைனில் சர்க்கரை கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன், இனிக்கவில்லை. பிப்ரவரியில் கடைசி ரேஸ். அதையும் முடித்தால் மூன்று. முடிக்காவிட்டால் பட்ட பாடெல்லாம் தண்ணீரில் எழுதிய எழுத்து. அதற்கு முந்தின வாரம் டேவிட் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் மெஷினை நிறுத்தவில்லை.

"அத்தை, கோவமா?"

"எனக்கின்னா கோவம். வூட்டிலயே குந்தச் சொன்ன, குந்தினுகிறேன்."

"ரெண்டு ரேஸ் ஓட்டிட்டேன். ஒரு சவுண்டும் இல்ல அத்தை. எவனோ ஊர்ல எவன் வண்டியையோ ஓட்டுற மாதிரி கீது. கடைசி ரேஸுக்கு எல்லாரும் வாங்க. நைனாவையும் இட்டுனு வாங்க. நான் கூப்ட்டா தல ஆட்ட மாட்டேன்றாரு."

மெஷினை நிறுத்தினேன்.

"ஆனா கை மட்டும் வெக்காதீங்க அத்தை. செத்தாலும் வெக்காதீங்க."

பர்னபாஸ் அண்ணனை வரச் சொல்ல நான் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. "புள்ள கூப்புடுது" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டார், ரேஸுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

ரேஸ் அன்றைக்கு வேலி ஓரம் இடம் பிடித்து உட்கார்ந்ததும், அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தங்கச்சி, என் கைய இந்தக் கம்பத்தோட சேத்துக் கட்டு."

"இன்னாண்ணே இது?"

"என் கைமேல எனக்கே நம்பிக்க இல்லமா."

என் வீட்டுக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் இரண்டு மணிக்கட்டையும் வேலிக் கம்பத்தோடு சேர்த்து, தையல்காரி போடுகிற முடிச்சாக இரட்டை முடிச்சுப் போட்டேன். நான் போட்ட முடிச்சு அவிழாது. பக்கத்தில் இருந்த மெட்ராஸ்காரர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும். தாமோதரன் அவருக்குச் சோடா பாட்டிலை வாயில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார், புளிச்சோற்றை உருட்டி ஊட்டினார்.

கொடி அசைந்தது. பதினாலு வண்டி ஒரேயடியாகக் கிளம்பின. டேவிட் பத்தாவதாகப் போனான். மூன்றாவது சுற்றில் ஒருவனைத் தாண்டினான். ஐந்தாவதில் இன்னொருவனை. "எந்த மைனு?" என்று நான் கத்தினேன், "நம்ம மைனு!" என்று ஏழு தொண்டை பதில் சொன்னது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான், ஆனால் எங்கள் குஞ்சு அன்றைக்கு நிஜமாகவே பொன்னாக ஓட்டியது. கதவில் சாய்ந்திருந்த அந்த ஒன்று கண்ணுக்கே தெரியவில்லை.

கடைசிச் சுற்று. வளைவுக்கு அந்தப் பக்கம் வண்டி வரும்போதே எனக்குக் கேட்டுவிட்டது. ஒரு உடைந்த சத்தம், அப்புறம் எஞ்சின் மட்டும் வெறுமனே அலறியது.

"ஆக்ஸில் போச்சு" என்றேன். சக்கரத்தைச் சுற்றுகிற அச்சு உடைந்துவிட்டால், எஞ்சின் ஓடினாலும் வண்டி ஓடாது.

முப்பத்தொன்று வளைவு திரும்பி, வேகம் குறைந்து குறைந்து, எங்கள் எதிரிலேயே வந்து நின்றது. முடிவுக் கோடு அங்கிருந்து தெரிந்தது. கொஞ்ச தூரம்தான், ஆனால் லேசான ஏற்றம். மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக அவனைத் தாண்டிப் போய்க் கொடியை வாங்கின. கோட்டில் நிற்கிற கொடிக்காரர் கொடியைச் சுருட்டிவிட்டால் கதை முடிந்தது. அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

டேவிட் கதவைத் திறந்து இறங்கினான். முதலில் எங்களைத்தான் பார்த்தான். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். வராதீங்க.

எட்டுப் பேருக்கும் அவன் எட்டுகிற தூரத்தில் இருந்தான். என் கால் வேலியின் முதல் கம்பியில் ஏறிவிட்டது. தாமோதரன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "விமலா, எறங்கு! அவன் பொழப்பு!" இறங்கினேன். ஒரு காலை இறக்குவதற்கு இவ்வளவு பலம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டேவிட் ஒரு கையை ஸ்டீயரிங்கில் வைத்து, கதவுச் சட்டத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். வண்டி அசையவில்லை. மறுபடி தள்ளினான். அசைந்தது. ஒரு அடி. இரண்டு அடி. அவன் தலை கவிழ்ந்து, கால் பின்னால் நீண்டு, முதுகு வளைந்து போனதைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே பர்னபாஸ் அண்ணன். சுரங்கத்துக்குள் நான் போனதில்லை, ஆனால் அவர் அங்கே எப்படி இருந்திருப்பார் என்பதை அன்றைக்கு வெயிலில் பார்த்தேன்.

கையால் செய்ய முடியாததைத் தொண்டையால் செய்வோம் என்று வேலி ஓரமாகவே அவன்கூட நடந்தோம். "எந்த மைனு?" அவன் ஒரு எட்டு. "நம்ம மைனு!" இன்னொரு எட்டு. அவன் நின்றால் நாங்களும் நின்றோம், மூச்சு வாங்கினால் நாங்களும் வாங்கினோம். பாதி வழியில் அவன் முட்டி மடங்கியது. நான் கத்தவில்லை, அழுதேன், அழுதுகொண்டே கத்தினேன். அப்போது பின்னாலிருந்து வேறு தொண்டைகள் சேர்ந்தன. திரும்பினால் மெட்ராஸ்காரர்கள். அது எந்த மைன் என்றுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது, "நம்ம மைனு!" என்று எங்களோடு நடந்து வந்தார்கள்.

அங்கே ஜெயித்தவனுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் யார் பார்த்தார்கள்?

கொடிக்காரர் கொடியைச் சுருட்டவில்லை. கையில் பிடித்தபடியே நின்றார். முப்பத்தொன்றின் முன் சக்கரம் கோட்டைத் தாண்டியதும், ஜெயித்தவனுக்கு ஆட்டினதைவிட அகலமாக ஆட்டினார். டேவிட் பானட்டின் மேல் குப்புற விழுந்தான்.

பதினாலு வண்டியில் பதினாலாவது. எங்கள் கேஜிஎஃப் ஆள். ரேஸை முடித்துவிட்டான்! தாமோதரன் யாரோ முன்பின் தெரியாத மெட்ராஸ்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பர்னபாஸ் அண்ணனை அங்கேயே விட்டுவிட்டோம். என் முடிச்சாயிற்றே, அவர் எங்கே வருவார்?

திரும்பி ஓடினேன். டேவிட்டும் தள்ளாடிக்கொண்டே தடத்தின் ஓரமாக வந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்து, ஒரே நேரத்தில் நின்றோம்.

அண்ணன் கம்பத்தில் தோளைக் கொடுத்தபடி நின்றிருந்தார். தலை கவிழ்ந்து, கால் பின்னால் நீண்டு. கால் இருந்த இடத்தில் மண் பள்ளமாகத் தோண்டிக் கிடந்தது. துண்டு அவிழவில்லை. மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. சிமெண்டில் ஊன்றின அந்த இரும்புக் கம்பம், அடியிலிருந்த சிமெண்டுக் கட்டியோடு பெயர்ந்து, முடிவுக் கோட்டுப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதோடு சேர்ந்து வேலியும் ஆள் நீளத்துக்குச் சாய்ந்திருந்தது.

"நைனா" என்றான் டேவிட்.

அண்ணன் நிமிர்ந்தார். மூச்சு இரைத்தது.

"போய்ச் சேந்துச்சா?"

"சேந்துச்சு நைனா."

அதற்குள் கையில் அட்டையும் பேனாவுமாக ஒரு அதிகாரி வேகமாக வந்தார். சாய்ந்த கம்பத்தைப் பார்த்தார், கட்டியிருந்த கையைப் பார்த்தார்.

"யாரும்மா இது? வேலியை யார் இப்படிச் செய்தது?"

எனக்குக் குரல் கம்மிப் போயிருந்தது, இருந்தாலும் அந்தத் தடம் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

"முப்பத்தொன்னோட நைனா சார். எங்க ஊருக்காரரு. வண்டியத் தொடல. அத எழுதிக்குங்க."