கோரான் ஜெயித்த திங்கட்கிழமை

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் கிரிக்கெட் பைத்தியங்களை எண்ணி மாளாது. டென்னிஸ் பைத்தியங்கள் இரண்டே பேர்தான். ஒருவர் சதாசிவம். கும்பகோணத்துப் பக்கமிருந்து வேலைக்கு வந்து, ஸ்டோர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தே தலைமுடியைப் பறிகொடுத்தவர். மற்றவன் புதுப்பட்டினத்து ஏசுபாதம். மீட்டர்களைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன். அவரைவிடப் பதினோரு வயது இளையவன். இரண்டு பேருமே வாழ்நாளில் ஒரு டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டது கிடையாது. அதனால் என்ன? சமைக்கத் தெரிந்தவன்தான் சாப்பாட்டில் குறை சொல்ல வேண்டும் என்று சட்டமா போட்டிருக்கிறார்கள்?

அதிலும் அவர்களுக்குப் புல்தரை ஆட்டம்தான் ஆட்டம். மற்றதெல்லாம் சதாசிவத்துக்கு மாவாட்டுகிற மாதிரி. புல்லில்தான் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், யோசிக்க நேரம் தராது. வருஷத்தில் நாலே வாரம். ஜூன் பாதியில் வரும், ஜூலை முதல் வாரத்தோடு போய்விடும். மாம்பழ சீசனாவது இன்னும் கொஞ்சம் நீளம்.

சீசன் முடிந்ததும் இருவருக்கும் ஒன்றாக லீவு விழுகிற முதல் நாளில் ஏசுபாதத்தின் ஸ்கூட்டர் மாமல்லபுரத்துக்குக் கிளம்பும். ஆளுக்கொரு காகிதம் சட்டைப் பையில் மடித்து இருக்கும். அந்த வருஷத்துப் புல்தரை ஆட்டங்களில் தனக்குப் பிடித்த ஐந்து, வரிசைப்படி. கடற்கரை மணலில் உட்கார்ந்து காகிதத்தை மாற்றிக்கொள்வார்கள். அப்புறம் இருட்டும்வரை சண்டை. தொண்ணூற்று இரண்டில் தொடங்கிய வழக்கம்.

இதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு. தன் கண்ணால் பார்த்த ஆட்டத்தைத்தான் எழுதலாம். பேப்பரில் படித்தது செல்லாது. ஒருவன் ஷிப்டில் இருந்தால் மற்றவர் டேப்பில் பதிவு செய்து வைக்க வேண்டும். அவன் பார்க்கும்வரை ஸ்கோரைப் பற்றி மூச்சு விடக் கூடாது. ஷிப்ட் பஸ்ஸில் போகிறவர்களுக்குக்கூட இது தெரியும். ஏசுபாதம் ஏறினால் நாலு பேர் வேண்டுமென்றே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

மூன்றாவது சட்டம் தொண்ணூற்று எட்டில் வந்தது. அதற்குக் காரணம் கோரான் இவானிசெவிச்.

அந்த மனுஷன் மேல் இவர்களுக்கு அப்படியொரு பாசம். இடது கைக்காரன். இடி மாதிரி சர்வீஸ். விம்பிள்டன் ஃபைனலுக்கு வருவான், தோற்பான். தொண்ணூற்று இரண்டில் தோற்றான், தொண்ணூற்று நான்கில் தோற்றான். ஏசுபாதமும் இடது கைதான். பள்ளிக்கூடத்தில் அதற்காகப் பிரம்படி பட்டவன். அவனும் புரமோஷன் இன்டர்வியூவுக்கு மூன்று தடவை போய் மூன்று தடவையும் வெறுங்கையோடு திரும்பியவன். கோரான் தோற்ற ஆட்டங்களை எல்லாம் அவன் பட்டியலில் முதல் இடத்தில்தான் வைப்பான். "ஜெயிச்சவன எல்லாரும் எழுதுவாங்க அண்ணாத்த" என்பான்.

தொண்ணூற்று எட்டு ஃபைனல், சாம்ப்ராஸுக்கு எதிராக. சதாசிவத்தின் குவார்ட்டர்ஸில் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது செட். தாகம் தாங்காமல் சதாசிவம் எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அவ்வளவுதான், ஆறு-இரண்டு என்று கதை முடிந்தது.

"ஒரு சொம்பு தண்ணிக்கு கோரான கவுத்துட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று கேட்ட ஏசுபாதம் ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. பத்தாம் நாள் வந்து சட்டம் போட்டான்: கோரான் ஆடும்போது உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே கூடாது. எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்த சதாசிவம் அதை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

இரண்டாயிரத்து ஒன்று வந்தது. கோரானை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள். தரவரிசையில் எங்கோ நூறைத் தாண்டிக் கிடந்தான். போனால் போகட்டும் என்று வைல்டு கார்டு கொடுத்து உள்ளே விட்டார்கள். அவன் ஒவ்வொருவராகச் சாய்த்துக்கொண்டே வந்தான். அந்த சீசன் முழுக்கவே அப்படித்தான் பொங்கியது. பத்தொன்பது வயதுப் பையன் ஃபெடரர், சாம்ப்ராஸையே ஐந்து செட்டில் வீட்டுக்கு அனுப்பினான். ஒரு அரையிறுதியில் ராஃப்டர் அகாஸியை ஐந்தாவது செட்டில் எட்டு-ஆறு என்று முடித்தான். கோரானும் ஹென்மனும் ஆடிய இன்னொரு அரையிறுதி, மழையால் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் இழுத்தது. கடைசியில் கோரான் ஜெயித்தான். ராஃப்டரோடு ஆட வேண்டிய ஃபைனல் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போனது.

அதே வருஷம் ஏசுபாதத்துக்கும் நாலாவது தடவை போனதில் புரமோஷன் கிடைத்தது. கூடவே கர்நாடகத்துக் கைகா அணுமின் நிலையத்துக்கு மாற்றல். அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு ரயில். திங்கட்கிழமை அவனுக்குப் பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிப்ட். மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. புது டேப் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து சதாசிவத்தின் கையில் வைத்தான்.

"தோத்தாலும் சரி, ஜெயிச்சாலும் சரி, வியாழக்கிழமை லீவுல என் கண்ணால பாத்துட்டு, லிஸ்டு எழுதிட்டுத்தான் ஊர வுட்டுப் போவேன். வேற ஒன்னும் வாணாம் அண்ணாத்த."

"கவலையே படாதே" என்றார் சதாசிவம்.

திங்களன்று அரைநாள் லீவு போட்டார். நம் நேரம் நாலரைக்கு ஆட்டம். டேப்பை உள்ளே தள்ளினார். விளம்பரம் முடியட்டும், அமுக்கலாம் என்று நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் சர்வீஸ் விழுந்தது, பட்டனை மறந்தார்.

முதல் செட் கோரானுக்கு. மனைவி ஜெகதாம்பாள் காபி கொண்டுவந்தாள். இரண்டாவது செட் போயிற்று. "தயவுசெஞ்சு நீ இந்தப் பக்கம் வராதே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவள், "அங்கே எவனோ பந்தடிக்கிறதுக்கு இங்கே நான் வீட்டை விட்டுப் போகணுமா" என்று முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, அடுத்த பிளாக் வரலட்சுமி வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்றாவது செட் கோரானுக்கு. அப்போதுதான் சதாசிவம் பார்த்தார். வி.சி.ஆரில் சின்னச் சிவப்புப் புள்ளி எரியவில்லை.

மூன்று அடி தூரம், எழுந்தால்தான் பட்டன் எட்டும். ரிமோட்டின் பேட்டரியோ சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. நாலாவது செட்டில் மெதுவாக ஒரு காலை எடுத்துத் தரையில் வைத்தார். கால் இங்கே அசைந்தது. அங்கே கோரான் கோட்டை மிதித்தான் என்று ஃபுட் ஃபால்ட் கொடுத்தார்கள். அவன் மட்டையை வீசினான், வலையை உதைத்தான், அம்பயரிடம் கத்தினான், செட்டைக் கோட்டைவிட்டான். சதாசிவம் காலை வெடுக்கென்று மேலே இழுத்துக்கொண்டார்.

ஐந்தாவது செட்டையாவது பதிவு செய்திருக்கலாம். அது அவருக்கும் தெரியும். செட் தொடங்குவதற்கு முன் வி.சி.ஆரை ஒருமுறை பார்த்தார், கோரானை ஒருமுறை பார்த்தார். ஏசுபாதத்தின் முகம் நினைவுக்கு வந்தது. கூடவே அந்தச் சொம்புத் தண்ணீரும் நினைவுக்கு வந்தது. எழுந்திருக்கவில்லை. ஏழரை மணிக்குமேல் கோரான் தரையில் விழுந்து அழுதபோது இவரும் அழுதார். காலி டேப் கண்ணில் பட்ட பிறகுதான் அழுகையின் நிறம் மாறியது.

இரண்டு நாள் தூக்கமில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் என்னவென்று சொல்வது? பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அமுக்கவில்லை என்றா? வியாழக்கிழமை, டேப்பைத் திரும்பி வந்து பார்க்கலாம் என்று சாக்குச் சொல்லி அவனை மாமல்லபுரத்துக்குக் கிளப்பினார். மணலில் உட்கார்ந்ததும், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்.

"ஏசு, டேப் சிக்கிடுச்சுப்பா. மெஷின் தின்னுடுச்சு. ஒண்ணுமே பதிவாகலை."

ஏசுபாதம் கரையில் படகைத் தள்ளிக்கொண்டிருந்தவர்களையே கொஞ்ச நேரம் பார்த்தான். அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"சரி வுடு. நீ பாத்த இல்ல? மொதல்லேருந்து சொல்லு. ஒரு பாயிண்டு வுடக் கூடாது."

சதாசிவம் செருப்பைக் கழற்றி, அதன் முனையால் ஈர மணலில் கோர்ட் வரைந்தார். நடுவில் வலைக்கு ஒரு கயிற்றுத் துண்டு. சொல்லத் தொடங்கினார். முதலில் உட்கார்ந்துதான் சொன்னார். இரண்டாவது செட்டில் எழுந்துவிட்டார். ஐம்பத்தாறு வயது மனுஷர் இடது கையால் இல்லாத பந்தைப் பளீர் பளீரென்று அடித்தார். ஓடிப்போய் ராஃப்டராகி அதை வாங்கினார். திரும்ப ஓடிவந்து கோரானாகி வலையை உதைத்தார், கயிறு பறந்தது. மீன்கூடையோடு போன இரண்டு பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பாவம், நல்ல குடும்பத்து ஆளு மாதிரி கீது" என்றாள் ஒருத்தி. ஏசுபாதம் மணலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, இம்மிகூட அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"எட்டு-ஏழு. ஜெயிக்க ஒரே ஒரு பாயிண்ட். பந்துக்கு முத்தம் கொடுக்கறான். அடிச்சான் பாரு, டபுள் ஃபால்ட்!"

"அய்யோ" என்றான் ஏசுபாதம்.

"மறுபடியும் மேட்ச் பாயிண்ட். மறுபடியும் டபுள் ஃபால்ட்! மூணாவதுக்கு ராஃப்டர் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுட்டான். வானத்தைப் பார்த்துக் கும்பிடறான் ஏசு. நாலாவது. அடிச்சான். ராஃப்டர் எடுத்தது வலையிலே!"

ஏசுபாதம் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினான். முகமெல்லாம் கண்ணீர். சதாசிவம் தொப்பென்று மணலில் உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷம் காகிதம் மாற்றிக்கொள்ளவில்லை. ஏசுபாதத்தின் பட்டியல் ஒரு மாதம் கழித்துக் கைகாவிலிருந்து தபாலில் வந்தது. முதல் இடத்தில் "ஃபைனல், மாமல்லபுரம்" என்று எழுதியிருந்தான். கண்ணால் பார்த்ததுதான் செல்லும் என்ற சட்டத்தை அவனே உடைத்திருந்தான். அதைப் படித்த சதாசிவத்துக்கு நெஞ்சில் முள் ஏறியது. ஏறிய முள் ஏழு வருஷம் இறங்கவே இல்லை.

நடுவில் அவர் ரிட்டயராகிக் கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக்கொண்டு போனார். பட்டியல்கள் தபாலில் போய்வந்தன. ஒவ்வொரு கடிதத்திலும் உண்மையை எழுத நினைப்பார். ஒவ்வொரு முறையும் மென்று முழுங்குவார்.

இரண்டாயிரத்து எட்டு, ஜூலை பத்து. ஏசுபாதத்தின் மகள் சிநேகாவுக்குப் புதுப்பட்டினத்தில் கல்யாணம். சர்ச்சில் மோதிரம் மாற்றி முடிந்து, மண்டபத்தில் சாயங்கால வரவேற்பு. செங்கல்பட்டில் பஸ் மாறி வந்து சேர்ந்த சதாசிவத்தை, ஏசுபாதம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாப்பிள்ளை முன்னால் நிறுத்தினான்.

"மாப்ள, அண்ணாத்த சொல்லிக் கேட்டேன் ஒரு மேட்சு. அது மாரி எந்த டிவியிலும் வராது."

சதாசிவத்துக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவனைச் சாப்பாட்டுக் கூடத்தின் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏசு, நான் உங்கிட்டே பொய் சொல்லிட்டேன். டேப் சிக்கலை. நான் பட்டனையே அமுக்கலை. மறந்துட்டேன். அஞ்சாவது செட்டுக்கு முன்னாடி ஞாபகம் இருந்தது. இருந்தும் எழுந்திருக்கலை. எழுந்தா கோரான் தோத்துடுவான்னு உட்கார்ந்திருந்தேன். என்னை மன்னிச்சுடு."

ஏசுபாதம் அவரையே பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"இன்னா அண்ணாத்த நீ! கோரான் ஜெயிச்ச மறுநாள், செவ்வாக்கெழம, மாமியா வூட்டுக்கு, மதுராந்தகம் போய்ட்டிருந்தேன் இல்ல? உள்ள நொழைறேன், டிவியில மறு ஒளிபரப்பு ஓடிகினு கீது. நாலாவது செட்டு. கண்ண மூடிக்கலாம்னு பாத்தேன், முடில. கடைசி வரிக்கும் பாத்துட்டேன்."

சதாசிவம் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "அப்போ மணல்லே நான் குதிச்சதெல்லாம்? ஏன்டா சொல்லலை?"

"நானே சட்டத்த மீறி முன்னாடியே பாத்துட்டு வந்து கீறேன், இன்னான்னு சொல்றது? அதுக்குள்ள நீ டேப்பு சிக்கிச்சின்ற. உன் மூஞ்சி அழுவுற மாரி இருந்திச்சி. செரி, மொதல் மூணு செட்டு நானும் பாக்கலயே, கேப்போம்னு உக்காந்தேன். அப்பால நாலு, அஞ்சும் உங்கிட்ட கேக்கத்தான் புடிச்சிது. நான் அழுதது நெசந்தான்."

"நான் எழுந்திருக்காதது தப்புத்தானே?"

ஏசுபாதத்தின் சிரிப்பு நின்றது. முகம் கடுமையானது.

"எழுந்திருந்து, அவன் தோத்திருந்தான்னு வையி. ஆயுசுக்கும் உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்."

ஏழு வருஷத்து முள் ஒரு நொடியில் உதிர்ந்தது. வெட்டியாக வதங்கினோமே என்று சதாசிவத்துக்குக் கோபம்கூட வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து இந்த வருஷத்துக் காகிதத்தை எடுத்தார்.

"போன ஞாயிறு ஃபைனல் பார்த்தியா? ஃபெடரர், நடால்?"

"எங்க அண்ணாத்த, கல்யாண வேல. ஸ்கோரு கூடத் தெரியாது. நீ சொல்லு."

இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். சதாசிவம் டம்ளர் தண்ணீரில் விரலைத் தொட்டுச் சாப்பாட்டு மேஜையின் காகித விரிப்பில் கோர்ட் வரைந்தார். நடாலும் இடது கைதான் என்பதால் கை தானாகவே வந்தது. முதல் இரண்டு செட் நடாலுக்கு. மழை. மூன்றாவது ஃபெடரருக்கு. நாலாவதில் ஃபெடரர் தோற்கும் தறுவாயில் இருந்து மீண்டு வருகிறான் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஏசுபாதத்தின் மனைவி பொன்னி பட்டுப்புடவை சரசரக்க ஓடிவந்தாள்.

"பொண்ணுக்கு அப்பாவக் காணோம்னு போட்டோக்காரன் கத்திகினு கீறான், இங்க இன்னா வெளாட்டு? எழுந்து வா!"

ஏசுபாதம் நாற்காலியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"இரு பொன்னி, இப்ப எழுந்திரிக்கக் கூடாது. ஒம்பது-ஏழு ஆவட்டும், வந்துடறேன்."

சதாசிவம் ஐந்தாவது செட்டுக்கே இன்னும் வரவில்லை; அது ஒன்பது-ஏழில் முடிந்ததென்று அவர் சொல்லவே இல்லை. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். அவன் மேஜை மேல் காய்ந்துகொண்டிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சதாசிவம் ஒன்றும் கேட்கவில்லை. விரலை மறுபடி தண்ணீரில் தொட்டு, கோட்டைத் திரும்ப இழுத்துவிட்டு, விட்ட பாயிண்டிலிருந்து சொல்லத் தொடங்கினார்.