மெக்கல்லா துரையின் வாரிசு

மொழிபெயர்ப்பு நாவலில் பனி பெய்தால் பதுளையில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிற ஆள் விஜேந்திரன். ஆகவே, பென்சில்வேனியாவிலிருந்து மார்கரெட் மெக்கல்லா என்ற ஆசிரியை முகநூலில் உதவி கேட்டபோது, அது தனக்கென்றே கடல் தாண்டி வந்த வேலை என்று நினைத்தான்.

ஸ்கொட்லாந்திலிருந்து வட அயர்லாந்துக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போன குடும்பம் அவளுடையது. ஒரு கிளை மட்டும் தேயிலைத் தோட்டம் போட இலங்கையின் மடுல்சீமைக்கு வந்தது. அதன் கடைசித் துரை கல்யாணமே செய்யாமல் 1960களில் இங்கேயே இறந்துபோனார். அவருக்கு வாரிசு யாராவது உண்டா?

விஜேந்திரன் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டான். தோட்டத்து வாக்காளர் பட்டியலில் 'மெக்கல்லா பொன்னையா' என்று ஒரு பெயர். கோயில் திருவிழாவில் ஆளையும் தூரத்திலிருந்து பார்த்தான். சாம்பல் நிறக் கண்கள். வேறென்ன வேண்டும்? ரகசியக் காதலும் பாழடைந்த பங்களாவுமாகப் பதினொரு பக்கம் எழுதி அனுப்பினான். மார்கரெட் அழுதுவிட்டாளாம். நாளை விமான டிக்கெட் எடுக்கிறாளாம்.

அதற்குப் பிறகுதான், வாரிசுக்கும் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று அவன் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனான்.

பொன்னையா பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே திரும்பினார்.

"ராசம்மா, எங்கம்மாவுக்கும் தொரைக்கும் என்னமோ இருந்துச்சாம். தம்பி சொல்றாரு."

"தேத்தண்ணி ஊத்தவா, வெளக்கமாறு எடுக்கவா?" என்று மனைவியின் குரல் வந்தது.

"அப்ப அந்தப் பேரு, ஐயா?"

"எங்கப்பன் வச்சது. தொரை லயத்துக்குப் புதுத் தகரம் போட்டுக் குடுத்தாரு. அந்த வருசம் பொறந்த புள்ளைங்களுக்கெல்லாம் அவரு பேருதான். நாலு பேரு இருக்கோம். மூணாம் லயத்துல மெக்கல்லா விஜயலெட்சுமி இருக்கா. அவளுக்கும் கதை வச்சிருக்கீங்களா?"

"கண்ணு மட்டும்..."

"பொரை தம்பி. வார மாசம் ஆப்பரேசன்."

ராசம்மா தேநீரோடு வந்தாள். "எங்க மாமியார் பேர எழுதுனீங்களா?"

"பேரு எழுதலீங்க." விஜேந்திரன் தரையைப் பார்த்தான். "கூந்தல வர்ணிச்சிருக்கேன்."

"அவங்களுக்கு முடி கொஞ்சந்தான்," என்றார் பொன்னையா. "இங்கனயே உக்காந்து மாத்தி எழுதுங்க. அந்தம்மா டிக்கட் எடுத்துறப்போகுது. எங்கம்மாவும் ஊருக்கெல்லாம் கதையாயிரும்."

விஜேந்திரன் வாசற்படியில் உட்கார்ந்து கைபேசியில் ஆங்கிலத்தில் எழுதினான்: 'வாரிசு யாரும் இல்லை. பெயர் மட்டும் நாலு பேருக்கு இருக்கிறது. மற்றதெல்லாம் என் கற்பனை. மன்னித்துவிடுங்கள்.'

ராசம்மா அதைத் தமிழில் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். அவன் அனுப்பினான். பிறகு பழக்கதோஷத்தில், நடை நன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்தான்.