ராஜகம்பீரனின் பதினேழு பிள்ளைகள்

சிவதாணு அண்ணாச்சியின் காளைக்கு ராஜகம்பீரன் என்று பெயர். பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கியபோது அதற்குப் பெயர் எதுவும் இல்லை. பூதப்பாண்டிக்கு வடக்கே எங்கள் ஊரில் லாரியை விட்டு இறங்கியபோது இருந்தது. அன்று செண்டைமேளம் வைத்திருந்தார். காளை மிரண்டு தபால் பெட்டியை முட்டிச் சாய்த்தது.

"வீரம்!" என்றார் அண்ணாச்சி.

அவர் பாசன சங்கத் தலைவர். மடையின் சாவி அவர் இடுப்பில் தொங்கும். அந்தச் சாவிக்கு ஊரில் இருந்த மரியாதை அவருக்கும் சேர்த்தே கிடைத்துக்கொண்டிருந்தது. ஒருமுறை ராஜகம்பீரனைச் சோம்பேறி என்று சொன்ன குற்றத்துக்காக, டீக்கடை முத்துநாயகத்தின் வயலுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறவில்லை.

ஆகவே யார் வீட்டுப் பசு பருவத்துக்கு வந்து கத்தினாலும் முதலில் அண்ணாச்சியின் மேலவீட்டுத் தொழுவத்துக்கு ஓட்டிப்போவார்கள். ராஜகம்பீரன் தன் கடமையைச் செய்வான். அண்ணாச்சி பசுவுக்கு விபூதி பூசி அனுப்புவார். பிறகு வாழைத்தோப்பு வழியாகச் சுற்றி அரசாங்கத்தின் கால்நடை கிளை நிலையத்துக்குப் போவார்கள். அங்கே ஆய்வாளர் ஜெப்சி, திரவ நைட்ரஜன் புகையும் குடுவைக்குள்ளிருந்து பேனா ரீஃபில் போன்ற உறைவிந்துக் குச்சி ஒன்றை எடுத்து, வெந்நீரில் இளக்கி, சினை ஊசி போட்டுவிடுவாள்.

முதல் வருடம் ராஜகம்பீரனை மட்டும் நம்பிய ஒன்பது பசுக்களில் ஒன்றுகூடச் சினை பிடிக்காததால் ஊர் தானாகக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தோப்புக்குள் இரண்டு பேர் பசுவோடு எதிர்ப்பட்டால் இருவரும் வாழைக்குலையைப் பார்ப்பார்கள்.

இப்படியாக ராஜகம்பீரனுக்குப் பதினேழு பிள்ளைகள். அவனோ சுண்ணாம்பு வெள்ளை. பிள்ளைகள் எல்லாம் ஜெர்சிச் செவலை.

"ராஜ ரத்தம் அப்படித்தான். உள்ள இருக்க செவப்பு வெளிய அடிக்கும்" என்று அண்ணாச்சி விளக்கம் சொன்னார்.

எல்லாம் சுமுகமாகவே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பதினேழில் ஒன்றான, ரெஜிலா வீட்டுக் கிடாரிக் கன்று கால்நடை முகாமில் முதல் பரிசு வாங்கியதுதான் வினை. கோப்பையை வாங்க ரெஜிலா மேடையேறுவதற்குள் அண்ணாச்சி ஏறிவிட்டார். இறங்கும்போது ஒரு முடிவோடு இறங்கினார். ராஜகம்பீரனின் விந்துவை அரசாங்கம் உறையவைத்துப் பாதுகாக்க வேண்டும். ஒவ்வொரு குச்சியிலும் 'மேலவீட்டு ராஜகம்பீரன், வளர்த்தவர் சிவதாணு, தலைவர், பாசன சங்கம்' என்று அச்சடிக்க வேண்டும். பதினோரு மனு போட்டார். பன்னிரண்டாவதைத் தடுப்பதற்காகவோ என்னவோ, முதலில் மாதிரி எடுத்துப் பார்க்கலாம் என்று இரணியல்காரரான டாக்டர் வினோஜை அனுப்பினார்கள்.

செய்தி கேட்டதும் ரெஜிலாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய அறுபது சென்ட் வயல் கடைமடையில் இருந்தது. கும்பப்பூப் போகத்து நெல், கதிர் வெளிவரும் முன் பொதிகட்டி நின்றது. வெள்ளிக்கிழமைத் தண்ணீர் ஏறாவிட்டால் கதிர் பதராகிவிடும். நேராக ஜெப்சியிடம் ஓடினாள்.

"எக்கா, டாக்டர் உள்ளதைச் சொல்லிப்போட்டா எங்கன்னுக்குத் தகப்பன் யாருன்னு கேப்பாருல்லா?"

"கேப்பாரு."

"நீ சொல்லுவியா?"

"நான் எதுக்குட்டி சொல்லணும்? உங்கன்னு மூஞ்சியே சொல்லுகே."

புதன்கிழமை காலை மைதானத்தில் பந்தல். ராஜகம்பீரனின் கொம்புக்குப் பித்தளைக் குப்பி, கழுத்துக்கு ரோஜா மாலை. நுண்ணோக்கியில் கேமரா பொருத்தலாம் என்று அண்ணாச்சி யூடியூபில் பார்த்திருந்தார். நாகர்கோவிலிலிருந்து கல்யாண வீடியோக்காரர் ஒருவரை வரவழைத்து, வீட்டு டிவியையும் பந்தலுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"நம்ம ஆளோட படைபலத்தை ஊரே பாக்கட்டும்" என்றார்.

மாதிரி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. நாகஸ்வரம் தொடங்கும்போதெல்லாம் ராஜகம்பீரன் வேலையை விட்டுவிட்டு ரோஜா மாலையைத் தின்றான். "மேளத்தை நிறுத்துங்க சார், அதுக்குக் கூச்சமா இருக்கு" என்று டாக்டர் கும்பிட்டுக் கேட்டபிறகு காரியம் முடிந்தது. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்ணோக்கியில் வைத்தார்.

டிவியில் தெரிந்தது. உயிரணுக்கள் அங்குமிங்குமாகக் கிடந்தன. ஒன்றும் அசையவில்லை.

வாழைத்தோப்பு வழியாகப் போனவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அதாவது ஊரே தரையைப் பார்த்தது.

அண்ணாச்சி மட்டும் மைக்கைப் பிடித்தார். "பாத்தேளா? என்ன ஒழுக்கம்! ஒருத்தனாவது அசையுகானா? பட்டாளத்துல அட்டென்ஷன்ல நிக்க மாதிரி!"

டாக்டர் தொண்டையைச் செருமினார். "சார், அது ஒழுக்கம் இல்ல. உயிரே இல்ல."

"உம்ம மிஷின் கோளாறாக்கும்."

டாக்டர் கோபப்படவில்லை. குடுவையோடு வந்திருந்த ஜெப்சியிடம் ஒரு குச்சி கேட்டார். அவள் குடுவையைத் திறந்தாள். வெள்ளைப் புகை வழிந்தது. இடுக்கியால் குச்சியை எடுத்து, வெந்நீரில் அரை நிமிடம் முக்கித் துடைத்து, நுனியைக் கத்தரித்துக் கொடுத்தாள். தகடு மாறியது.

டிவி கொதித்தது. சுசீந்திரம் தேர்வடம் பிடிக்கிற கூட்டம் போல ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடின.

"அடிச்சான் பாரு! நம்ம ஆளு எழும்பியாச்சு!" என்று அண்ணாச்சி துள்ளிவிட்டார். நாகஸ்வரக்காரரும் ஊத ஆரம்பித்துவிட்டார்.

"சார், இது உங்க காளைக்குள்ளது இல்ல. நாலு வருசமா நைட்ரஜன்ல கெடந்த குச்சி."

நாகஸ்வரம் பாதியில் நின்றது.

"நாலு வருசம் பனியில கெடந்தது ஓடுகு. இப்பம் எடுத்தது கெடக்கா?" அண்ணாச்சி மெதுவாகத் திரும்பினார். அவர் கண்ணும், அவரே பந்தலுக்கு ஓட்டிவரச் சொல்லியிருந்த, கோப்பை வாங்கிய செவலைக் கன்றும் ஒரே நேர்க்கோட்டில் வந்தன. கை தன்னால் இடுப்புச் சாவிக்குப் போனது. "அப்பம் ரெஜிலா, உங்கன்னு?"

ரெஜிலா கன்றின் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். மனக்கண்ணில் வயல் வெடித்துக் கிடந்தது. "அண்ணாச்சி, அது வந்து..."

"அவளை எதுக்குக் கேக்கியோ? என்னைக் கேளுங்கோ."

பெண்கள் வரிசையிலிருந்து எழுந்தவள் அண்ணாச்சியின் மனைவி பகவதியம்மாள். "நம்ம தொழுவத்துல நிக்க மூணு கன்னும் ஜெப்சி போட்ட ஊசியாக்கும்."

"நம்ம தொழுவத்துலயா?"

"பொறவு? ரெண்டு வருசம் உங்க ராஜாவை நம்பிப் பாத்தேன். ஒண்ணும் நடக்கல்ல. உங்களுக்கு நேரத்துக்குக் காப்பி வேணும். பால் எங்கேருந்து வருகுன்னு நெனச்சியோ?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாட்டி?"

"நீங்க எங்க கேட்டியோ? நீங்கதான் எப்பமும் பேசுவியளே." அவள் சாவியைப் பார்த்தாள். "ரெஜிலா வயலுக்குத் தண்ணி அடைக்கதா இருந்தா நம்ம அடுக்களைப் பைப்பையும் அடைச்சிருங்கோ. ஒரே குத்தம்தானே. நான் சமைக்கல்ல."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கப்போய் அது தும்மலாக வந்தது. பிறகு எல்லோருக்கும் தும்மல் வந்தது.

அண்ணாச்சி டிவியைப் பார்த்தார். காளையைப் பார்த்தார். அவன் மாலையின் நாரை மென்றுகொண்டிருந்தான். மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. மைக் கையில் இருக்கும்போது அவர் தோற்றதாகச் சரித்திரம் இல்லை.

"ஊர் மக்களே, இண்ணைக்கு ஒரு உண்மை தெரிஞ்சிருக்கு" என்றார். "ராஜகம்பீரன் சாதாரண காளை இல்ல. உடம்பு நம்மளோட நின்னாலும் உள்ளுக்குள்ள சந்நியாசி. ஆசையை வேரோட அறுத்தவன்."

"இதைத்தானே நான் அப்பமே சோம்பேறின்னு சொன்னேன்" என்றார் முத்துநாயகம்.

"துறவுன்னு சொல்லும் வே!"

"சரி, துறவு. ரெண்டு முறை தண்ணி பாக்கி நிக்கே, அது?"

ஊர் கைதட்டியது. எதற்கென்று அண்ணாச்சி கேட்கவில்லை. தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார். டாக்டர் கிளம்பும்போது அவருக்கு ஒரு பொன்னாடையும் போர்த்தினார்.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சியே மடையைத் திறந்தார். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரும்வரை வரப்பிலேயே நின்றார். முத்துநாயகத்தின் வயலுக்கும் ஏறியது. இப்போதெல்லாம் பசுவோடு யாராவது மேலவீட்டுப் பக்கம் திரும்பினாலே, "அங்கெயே நில்லு! அவன் தவம் கலைஞ்சிரும்" என்று விரட்டிவிடுகிறார். தோப்புப் பாதையில் புல் முளைத்துவிட்டது.

ஒரே ஒரு குறைதான் அவரை அரித்தது. ஒருநாள் கிளை நிலையத்துக்குப் போய், யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, ஜெப்சியிடம் கேட்டார்.

"மக்கா, இந்தப் பதினேழுக்கும் தகப்பன் பேரென்ன?"

ஜெப்சி ஒரு குச்சியைக் காட்டினாள். "பேரு ஒண்ணும் போடல்ல அண்ணாச்சி. நம்பர்தான் உண்டு."

"பதினேழு பிள்ளையளைப் பெத்தவனுக்கு ஒரு பேரு இல்லியா?" அவருக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "நாம ஒண்ணு வச்சிருவோமா? மேலவீட்டு..."

"குச்சியில எடம் கெடையாது அண்ணாச்சி" என்று ஜெப்சி குடுவையை மூடினாள்.