அந்தோணியாருக்குச் சொன்ன விவரம்

டீ வேண்டாம் என்று அவர் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. கொடைக்கானலில் பனி இறங்குகிற நேரத்தில், எங்கள் மேட்டுத் தெருவை மூச்சு வாங்க ஏறி வந்து நிற்கிற ஆள், அதுவும் போலீஸ்காரர், டீ வேண்டாம் என்று சொன்னால் அது நல்லதுக்கா? சாதாரணச் சட்டை பேண்ட்தான் போட்டிருந்தார். ஆனால் காலில் பழுப்பு ஷூ பளபளவென்று கிடந்தது. இத்தனை வருஷம் டாக்ஸி ஓட்டுகிறவனுக்கு ஷூவைப் பார்த்தால் ஆள் தெரியாதா? ஸ்டாண்டில் என்னைச் 'சிபிஐ டெனிஸ்' என்பார்கள். நான் யாரையும் ஒரே பார்வையில் நம்பினவன் இல்லை.

"ஒங்க வீட்டம்மா ஆக்ஸிலியா, நர்ஸுதான? இப்ப எங்க இருக்காங்க?"

"ஓமன்லங்க. சலாலா."

"எந்த ஆஸ்பத்திரி?"

"அரபியில என்னமோ பேருங்க. நம்ம வாயில நொழைய மாட்டேங்குது."

அவர் சிரித்தார். சுவரில் மாட்டியிருந்த வெள்ளைக் கவுனைப் பார்த்தார். அடுத்த ஞாயிறு கோவிலில் என் மகள் ப்ரின்சிக்குப் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்குகிற நாள்; அதற்குத் தைத்தது. பிறகு குனிந்து, பிள்ளையிடமே கேட்டார்.

"அம்மா எந்த ஊருல இருக்காங்க பாப்பா?"

ப்ரின்சி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஞானோபதேசம் ஒப்பிக்கிற மாதிரி, "ஓமன்ல" என்றாள். நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். சொல்லிக்கொடுத்தது அவருக்கும் தெரிந்திருக்கும். "சரிங்க, வந்தா ஒரு வார்த்த சொல்லுங்க" என்றுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ஓமனுக்குப் போனது பொய்யில்லை. முதலில் அங்கேதான் போனாள். அங்கே வேலை முடிந்ததும், எல்லைக்கு அந்தப் பக்கம் ஏமனில், முகல்லா என்கிற ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆள் கேட்கிறார்கள் என்று போய்விட்டாள். அந்த நாட்டுக்குப் போகக் கூடாது என்று நம் அரசாங்கம் தடை போட்டிருக்கிறது. சண்டை நடக்கிற இடம். போனது தெரிந்தால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், வருஷக்கணக்கில் திரும்பத் தர மாட்டார்கள். அதனால்தான் நாலு வருஷமாக அவள் ஊர்ப்பக்கமே வரவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாதே என்பாள். அப்படி என்னடி அங்கே இருக்கிறது என்று கேட்டால், "ஆபரேஷன் தியேட்டரே என் பொறுப்புங்க. இங்க வந்தா மறுபடி எவனோ ஒரு டாக்டர்கிட்ட திட்டு வாங்கிக்கிட்டுப் பஞ்சு மடிக்கணும்" என்பாள். எனக்கு அது புரியாமல் இல்லை. புரிந்ததால் கோபம் குறைந்துவிடுமா?

மகளின் புதுநன்மைக்குத்தான் இந்த முறை துணிந்து கிளம்பியிருந்தாள். ஏமன் முத்திரையைத் தனித் தாளில் குத்திக் கொடுப்பார்களாம், பாஸ்போர்ட்டில் படாதாம். எல்லை தாண்டிச் சலாலா வந்து, இரண்டு மூன்று நாள் தங்கி, அங்கிருந்து கொச்சி. ஒரே ஒரு ஆபத்து, ஓமனுக்குள் நுழையும்போது குத்துகிற முத்திரையில் எந்த எல்லை வழியாக வந்தாள் என்பது இருக்கும். கொச்சியில் உட்கார்ந்திருக்கிறவன் அதை நிதானமாகப் படிக்கிற ஆளாக இருந்தால் போச்சு. அதுவரைக்கும் யாருக்கும் மூச்சு விடக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். நானும் விடவில்லை. பிறகு போலீஸ் எப்படி வந்தது?

விஷயம் தெரிந்தவர்கள் நான், என் அக்கா சகாயராணி, பஜாரில் ஸ்வெட்டரும் யூகலிப்டஸ் தைலமும் விற்கிற யாகூப் பாய். பாயின் தம்பி மகன் முஆத் சலாலாவில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். எல்லையிலிருந்து ஆக்ஸிலியாவைக் கூட்டிவந்து தன் வீட்டில் தங்க வைப்பது அவன் பொறுப்பு. அக்கா எனக்குத் தாய் மாதிரி. அப்படியானால் மிச்சம் யார்? மறுநாள் காலையில் வெள்ளனே பஜாருக்குப் போனேன். பாய் அப்போதுதான் கடையைத் திறந்து தைலப் பாட்டில்களைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், பேச்சுவாக்குல யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"ஒன் வீட்டுக்கும் வந்தாங்களா?"

"வந்தாரு. டீ கூட வேணாம்னு போயிட்டாரு."

"எங்கிட்ட முந்தாநாளே வந்தாரு டெனிஸு. ரெண்டு டீ குடிச்சாரு. குடிச்சுக்கிட்டே என் போன வாங்கி ஒவ்வொண்ணாத் தள்ளித் தள்ளிப் பாத்தாரு. முஆத் யாரு, ஏமன்காரங்க கூட என்ன பழக்கம், பள்ளிவாசல்ல யாரு கூட உக்காருவான், அம்புட்டும் கேட்டாரு." பாட்டிலைக் கீழே வைத்தார். "மாட்டிக்கிட்டா ஒன் சம்சாரத்துக்கு பாஸ்போர்ட்டு போகும். எங்களுக்கு என்ன போகும்னு யோசிச்சுப் பாத்தியா? நானே போயி இத ஊருக்குச் சொல்லுவனா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஏரி ரோடு வருவதற்குள் என் புத்தி மறுபடி வேலையைக் காட்டியது. தன் வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்ள இவரே முந்திக்கொண்டு சொல்லியிருந்தால்? எதிர்வீட்டுக்காரன் நேற்று ஏன் என்னைப் பார்த்து அவ்வளவு இளித்தான்? ஸ்டாண்டில் ஞானவேல், "என்ன மாப்ள, வீட்டுல விசேசமாமே" என்று கேட்டானே, அது புதுநன்மையைத்தானா? இந்த நினைப்பிலேயே இரண்டு முறை வழி தவறிக் கஸ்டமரிடம் திட்டு வாங்கினேன். போலீஸ் வந்ததை ஆக்ஸிலியாவிடம் மட்டும் சொல்லவில்லை. எல்லை தாண்டப் போகிறவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அவள் சலாலா வந்து சேர்ந்துவிட்டாள் என்று முஆத் செய்தி அனுப்பினான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைச் சாக்லேட் வாங்க இறக்கிவிட்டு, எங்கள் தெரு முக்கில் வண்டியை ஓரங்கட்டி நின்றேன். மேலே அந்தோணியார் கோவிலில் செவ்வாய்தோறும் வைக்கிற நவநாள் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. சீசன் காலத்தில் நான் எந்தச் செவ்வாய் கோவிலுக்குப் போனேன்? ஹாரன் ஸ்பீக்கரில் மணியடித்துப் பீடம் பார்க்கிற கோவில்பிள்ளை மரியஅந்தோணி, ஜனங்கள் எழுதிப் பெட்டியில் போட்ட மன்றாட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார். பரீட்சையில் தேர்ச்சி பெற, சர்க்கரை நோய் நீங்க, காணாமல் போன சங்கிலி கிடைக்க. நான் பாதி காதில் கேட்டுக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தேன்.

"ஏமன் நாட்டில் செவிலியராகப் பணிபுரியும் ஆக்ஸிலியா டெனிஸ், சலாலா வழியாகக் கொச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கும்போது, அதிகாரிகளின் கண்ணில் படாமல், பாஸ்போர்ட்டுக்கு எந்தச் சேதமும் இன்றி இல்லம் வந்து சேர வேண்டுமென்று, சகாயராணி குடும்பத்தார் மன்றாடுகிறார்கள்."

"புனித அந்தோணியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று மொத்தக் கோவிலும் சொன்னது.

துணி கையிலிருந்து விழுந்துவிட்டது. முக்கில் நின்ற டிராஃபிக் போலீஸ்காரர், பானிபூரிக்காரன், டீக்கடையில் நின்ற நாலு பேர், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய செய்தியைக் கேட்பது போல நின்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நவநாள் முடிந்ததும் அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படியிறங்கி வந்தாள். மறித்து நின்றேன்.

"எத்தன செவ்வாயா இது நடக்குது?"

"ஒம்போது செவ்வா நேந்துருக்கேன். இது மூணாவது. ஏன்டா மூஞ்சி இப்புடி இருக்கு?"

"பேரு ஊரு இல்லாம, ஒரு குறிப்பிட்ட கருத்துக்காகன்னு மட்டும் எழுதிப் போட வேண்டியதுதானக்கா. ஊரே அப்புடித்தான எழுதுது."

"போன வருசம் அப்புடித்தான எழுதிப் போட்டேன்" என்றாள் அக்கா, சற்றும் அசராமல். "வந்தாளா? எந்த நாடு, எந்த ஏர்போட்டுன்னு வெவரம் சொல்லாம அவரு எங்கன போயி நிப்பாரு? அவரென்ன ஒன்னைய மாதிரி டாக்ஸியா ஓட்டுறாரு, போன் போட்டு எடத்தக் கேக்க?"

என்னால் திட்டவும் முடியவில்லை. மூன்று செவ்வாயாக ஊர் முழுக்க என் பெண்டாட்டிக்காக வேண்டிக்கொண்டிருக்கிறது. நான் ஒருத்தன்தான் அதை ரகசியமாக வைத்திருந்திருக்கிறேன். வேண்டிக்கொண்டவர்களில் எவனோ ஒருவன் கோவிலை விட்டு இறங்கி, ஸ்டேஷன் வாசலில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான். அல்லது அந்தப் பழுப்பு ஷூக்காரரே டீக்கடையில் நின்று கேட்டிருப்பார். சலாலாவில் யாருக்கு ஆள் இருக்கிறது என்று பஜாரில் யாரைக் கேட்டாலும் பாய் கடையைத்தான் காட்டுவார்கள்.

வண்டிக்குள் உட்கார்ந்து ஆக்ஸிலியாவைக் கூப்பிட நினைத்தேன். அதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"முஆத் தம்பி சொல்லுச்சு. பாய் கடைக்குப் போலீஸ் வந்துச்சாமே."

"ம்."

"நம்ம வீட்டுக்கும் வந்தாங்களாமே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பயந்துருவியேன்னுதான்."

அவளுக்குப் பின்னால் யாரோ அரபியில் பேசுகிற சத்தம் கேட்டது, டிவியாக இருக்கும்.

"நீங்களா சொன்னீங்க?"

எனக்கு முதலில் என்ன கேட்கிறாள் என்றே புரியவில்லை. புரிந்ததும் வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அக்கா, நவநாள், மன்றாட்டு, ஹாரன் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. அவள் லேசாகச் சிரித்தாள்.

"நல்லாருக்குங்க கத. இத அந்தோணியாரே நம்ப மாட்டாரு."

"சத்தியமா ஆக்ஸிலியா. அக்காகிட்டயே கேளு."

"மதினி நீங்க சொல்லச் சொன்னதத்தான் சொல்லுவாங்க. கிறிஸ்மஸுக்கு போன்ல என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? எவனாச்சும் ஒம் பாஸ்போர்ட்டப் புடுங்கிக்கிட்டாத்தான் நீ வீட்டோட கெடப்பன்னு சொன்னீங்களா இல்லையா?"

சொன்னேன். குடித்திருந்தேன் என்று சமாளிக்கலாம்தான், ஆனால் குடிக்காத நாளிலும் அந்த நினைப்பு எனக்கு இருந்தது. அவள் ஊர்ப்பக்கம் இருக்க வேண்டும், ப்ரின்சிக்குத் தலை பின்னிவிட வேண்டும், நான் வண்டியை நிறுத்திவிட்டு வரும்போது வீட்டில் விளக்கு எரிய வேண்டும். அதற்கு யாரோ ஓர் அதிகாரி ஒரு சின்னப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டால் என்ன என்று நினைக்கத்தான் செய்தேன். ஆனால் நினைப்பதும் போய்ச் சொல்வதும் ஒன்றா?

"வருவியா?" என்று கேட்டேன்.

"டிக்கெட்டு இருக்கு" என்றாள். வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் கொச்சி விமான நிலையத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ப்ரின்சிக்குக் கோவிலில் ஒத்திகை, அக்காவிடம் விட்டு வந்திருந்தேன். சலாலா விமானம் இறங்கிவிட்டது என்று போர்டில் போட்டார்கள். தள்ளுவண்டியில் பெட்டிகளோடு ஆட்கள் வந்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், போனார்கள். கூட்டம் வடிந்தும் அவள் வரவில்லை. ஏறவே இல்லையோ? உள்ளே உட்கார வைத்து விசாரிக்கிறார்களோ? பக்கத்தில் நின்ற ஒருவன் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. குனிந்து அவன் ஷூவைப் பார்த்தேன். செருப்புதான் போட்டிருந்தான்.

அப்போது வந்தாள். இளைத்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், போனில் பார்க்கும்போது அது தெரிந்ததில்லை. நான் கையைத் தூக்கினேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஆனால் கண் என் மேல் நிற்கவில்லை. எனக்கு இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், பின்னால் தூணருகே நின்றவர்களைப் பார்த்தாள். நான் யாரைக் கூட்டி வந்திருக்கிறேன் என்று பார்த்தாள். நாலு வருஷம் கழித்து என் பெண்டாட்டி என்னைப் பார்த்த பார்வை அது.

கிட்டே வந்ததும் பெட்டியை வாங்கிக்கொண்டேன். தோளில் கிடந்த கைப்பைக்கும் பழக்கத்தில் கையை நீட்டினேன். அவள் அதை முன்னால் இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல."

"இம்புட்டு நேரமாச்சு?"

"பெட்டி வர லேட்டு."

"பாஸ்போர்ட்டு?"

"இருக்கு."

காட்டு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் அவ்வளவுதான். உள்ளே அதிகாரிகள் அதை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ரசீதைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம், என்னிடம் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வராமல் இருக்கலாம். அல்லது நிஜமாகவே அந்தப் பைக்குள் இருக்கலாம், எங்கே நான் எடுத்து ஒளித்துவிடுவேனோ என்று பிடித்துக்கொண்டிருக்கலாம். என் கண் அந்தப் பையின் ஜிப் மேல் போனதை அவள் பார்த்துவிட்டாள்.

காரில் நான் முன்கதவைத் திறந்து வைத்தேன். "தலையச் சுத்துது, படுத்துக்கிறேன்" என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். படுக்கவில்லை. பாலக்காடு தாண்டி, பொள்ளாச்சி தாண்டி, கஸ்டமர் மாதிரி ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள். உடுமலையில் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோதும் பையை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். கவுன் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நீளம் கொஞ்சம் கூடுதல் என்றேன். "நான் மடிச்சுத் தச்சுக்கிறேன்" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டு இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டேன்.

பழனி தாண்டி மலை ஏறுகிற இடத்தில் இ-பாஸ் சோதனைக்கு வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். கொடைக்கானலுக்குள் போகவும் இப்போது பாஸ் வேண்டும். வெளியூர் வண்டிகள் போனைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றன. என்னுடையது உள்ளூர் வண்டி, தினம் பார்க்கிற ஆள்தான் குனிந்தார்.

"என்ன டெனிஸண்ணே, சவாரியா?"

"இல்லப்பா. வீட்டம்மா."

"அப்புடியா. எங்கருந்து வர்றாங்க?"

சும்மா கேட்டதுதான். இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிறதுதான். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்சீட்டு ஜன்னல் கண்ணாடி இறங்குகிற சத்தம் கேட்டது.

"ஓமன்லருந்து" என்றாள் ஆக்ஸிலியா, ப்ரின்சி ஒப்பித்த அதே குரலில்.

தடுப்புக் கட்டை மேலே போனது. பின்னால் நின்ற வேன்காரன் ஹாரன் அடித்தான். அவள் சோதனைச்சாவடிக்காரரைப் பார்க்கவே இல்லை. முன்னால் தொங்கிய பின்பார்வைக் கண்ணாடியில், திறந்தபடியே இருந்த என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.