கறி வேகும் நேரம்

நான்கு வருடம் பேசாமல் இருக்க ஓர் எலும்பு போதும், ஆள் மட்டும் எங்கள் வீட்டு ஆம்பளையாக இருக்க வேண்டும். என் மகளின் கல்யாண விருந்தில் கறியைத் தட்டுகளில் பங்கு பிரித்தவர் என் கணவர் கப்தேஷ். எங்கள் மேய்ச்சல் நாட்டில் யார் தட்டில் எந்த எலும்பு என்பதில்தான் மரியாதை. தன் தம்பி ஒரின்பாய்க்கு வைக்க வேண்டிய இடுப்பெலும்பை எவனோ ஒரு அதிகாரிக்கு வைத்துவிட்டு, தம்பி பக்கம் கழுத்தெலும்பைத் தள்ளிவிட்டார். ஒரின்பாய் தட்டைத் தொடவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர்தான். இவரும் போய்க் கூப்பிடவில்லை, அவரும் எங்கள் வாசல் மிதிக்கவில்லை.

இப்போது ரயில்வேயில் வேலை பார்க்கிற ஒரின்பாயை அக்தாவுக்கு மாற்றிவிட்டார்கள். கடலோரத்து ஊர், மூன்று நாள் பயணம். அண்ணனிடம் சொல்லிக்கொள்ளாமல் போனால் ஊர் வாயில் விழ வேண்டுமே என்று காலை பதினொரு மணிக்கு எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார். இஞ்சினை அணைக்கவில்லை.

“அண்ணி, பால் கொதிக்கிற நேரம்தான் இருப்பேன்.”

“பால் கொதிக்கிற நேரமெல்லாம் உப்பு கேட்டு வர்ற பக்கத்து வீட்டுக்காரிக்கு. மூணு நாள் தூரம் போறவரு கறி வேகுற நேரமாச்சும் இருக்கணும் சின்ன எஜமான்.”

கொழுந்தனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வழக்கமில்லை. இது நான் மருமகளாக வந்த புதிதில் வைத்த பட்டப்பெயர்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சரி. ஒன்றரை மணி நேரம். பன்னெண்டரைக்குக் கிளம்பிடுவேன்.”

“ஒன்றரைன்னு யாரு சொன்னா?”

“பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்ததுதானே அண்ணி. கறி வேகுற நேரம்னா ஒன்றரை மணி.”

“உங்க வாத்தியார் அடுப்படிப் பக்கமே போனதில்ல போல. மந்தைய ஓட்டிக்கிட்டு அலைஞ்ச நம்ம ஆளுங்க கையில கடிகாரமா கட்டியிருந்தாங்க? பானைதான் கடிகாரம். விருந்தாளி வந்தா கறியப் போட்டாங்க, வெந்ததும் தின்னாங்க, அப்புறம் கிளம்புனாங்க. அதுல வந்த பேச்சுதான் இது. பானையில கறி கிடக்குறப்ப எவனாச்சும் எந்திரிச்சுப் போயிருக்கானா?”

அவர் வண்டிக்குள் கைவிட்டு இஞ்சினை அணைத்தார்.

எந்தக் கறி என்று அவர் கேட்கவில்லை, அது என் தப்பா? ஆட்டுக்குட்டிக் கறி இருந்தது, ஒரு மணி நேரத்தில் பஞ்சாக வெந்துவிடும். நான் அதைத் தொடவில்லை. பதினாறு வயதுக் கிழக் குதிரையின் கறியை எடுத்து, வெளி அடுப்பில் பெரிய பானையை ஏற்றிப் போட்டேன். நல்ல பல் உள்ளவனையே அழவைக்கிற கறி அது. கூடவே இடுப்பெலும்பையும் போட்டேன். வேகுவதற்குள் இந்த இரண்டு மலைகளும் ஒரு வார்த்தை பேசாமலா போய்விடும்?

போயின. எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி தேநீர் குடித்தார்கள்.

“வந்தவருக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து.”

“போதும்னு சொல்லிடுங்க அண்ணி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் என்ன இந்த வீட்டுத் தபால்காரியா?” என்றேன். இரண்டு பேரும் தேநீரை ஊதினார்கள்.

பன்னிரண்டரை ஆனது, ஒன்றானது, இரண்டானது. ஒரின்பாய் மட்டும் அவ்வப்போது “வண்டியப் பார்த்துட்டு வரேன்” என்று வெளியே போய்ப்போய் வந்தார். மூன்று மணியும் ஆனது. எப்பேர்ப்பட்ட கிழக் குதிரையும் அதற்குள் வெந்திருக்கும். தின்றதும் கிளம்பிவிடுவார். அதற்குப் பிறகு இந்த இரண்டு பேரும் எந்தக் காலத்தில் பேசப் போகிறார்கள்?

அவர் நாலாவது தடவையாக வண்டியைப் பார்க்கப் போயிருந்தார். நான் கரண்டியோடு அடுப்புக்குப் போனேன். பானையில் கொதியே இல்லை. அடுப்பின் முன்னால் ஒரின்பாய் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எரிகிற விறகை ஒவ்வொன்றாக இழுத்து மண்ணில் போட்டுக்கொண்டிருந்தார்.

“சின்ன எஜமான்! என்ன பண்றீங்க?”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முகமெல்லாம் கரி.

“வெந்துட்டா நான் கிளம்பணுமே அண்ணி,” என்றார் மெதுவாக. “அவரு இன்னும் ஒரு வார்த்தை பேசலையே.”

ஐம்பது வயது மனிதர். நான்தான் கெட்டிக்காரி என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேனே!

பின்னால் காலடிச் சத்தம். என் கணவர் வந்து நின்றார். புகைகிற கட்டைகளைப் பார்த்தார், தம்பியின் கரிக் கையைப் பார்த்தார். பிறகு சுவரோரம் இருந்த வாளியை எடுத்துவந்து, பச்சைத் தண்ணீரைப் பாதிக்கு மேல் பானையில் ஊற்றினார்.

“இடுப்பெலும்பு போட்டிருக்கியா?” என்று என்னைக் கேட்டார்.

“போட்டிருக்கேன்.”

அவர் நான்கு வருடத்துக்குப் பிறகு தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“அது வேக நேரமாகும்டா,” என்றார்.

“ஆகட்டும்ணே,” என்று ஒரின்பாய் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.