பாலத்துக்கு இந்தப் பக்கம்

அயர்லாந்தில் கில்வரா என்ற எங்கள் தேவாலயப் பங்கின், பதினோரு வயதுக்கு உட்பட்ட ஹர்லிங் மட்டையாட்ட அணிக்கு நான்தான் பயிற்சியாளர். இப்படிச் சொன்னால் ஏதோ பெரிய பதவி போலத் தெரியும். வேறு யாரும் கை தூக்காததால் மாடு வளர்க்கிற இந்தப் பொம்பளை தலையில் கட்டினார்கள், அவ்வளவுதான். வியாழக்கிழமை மாலை மாடு கறந்து முடித்து, ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மைதானத்துக்கு ஓடுவேன். அங்கே ஏழு பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு, மட்டையால் ஒருவர் ஹெல்மெட்டை ஒருவர் தட்டிக்கொண்டு நிற்கும்.

ஏழு பேர் இருந்தால்தான் களத்தில் இறங்க விடுவார்கள். ஆறு என்றால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். எங்களிடம் இருப்பது சரியாக ஏழு. ஒருவனுக்குத் தும்மல் வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். பெரியவர்கள் அணி எப்போதோ கலைந்துவிட்டது. அந்த வயதுக்காரர்களில் பாதிப் பேர் சிட்னியில், மீதிப் பேர் பெர்த்தில். என் தம்பி கோர்மக்கும் பெர்த்தில்தான் இருக்கிறான். ஆனால் அவன் வருவான். என் வாசலுக்கு எதிரே வீட்டைக் கட்டி வைத்துவிட்டுத்தான் போனான். மற்றவர்கள் வரமாட்டார்கள். ஆகவே இந்த ஏழும் போனால், கில்வரா என்ற பெயரைக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும்தான் படிக்க முடியும்.

இந்த ஏழுக்கும் நான் சொல்லித்தர முயன்றது ஒன்றே ஒன்று. பந்தோடு ஓடுவது. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் மட்டையின் அகன்ற நுனியில் பந்தை ஏந்திக்கொண்டுதான் ஓட வேண்டும். சொல்வதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? பந்து கல் போல இருக்கும், மட்டை நனைந்தால் வழுக்கும், பிள்ளையின் கண்ணோ பந்தைவிட்டு நகராது. கீழே பார்த்து ஓடுகிற பிள்ளைக்கு எதிரே வருவது ஆளா சுவரா என்று தெரியாது. போன வாரம் ஃபியாக்ரா கோல் கம்பத்தில் போய் மோதினான். மோதிவிட்டுக் கம்பத்திடம் மன்னிப்பும் கேட்டான்.

அதனால் நான் அவர்களுக்கு முன்னால் பின்னோக்கி ஓடிக்கொண்டே விரல்களைக் காட்டுவேன். எத்தனை விரல் என்று கத்த வேண்டும், பந்தும் விழக்கூடாது.

“எத்தனைடா, ஃபியாக்ரா?”

“மூணு!”

“கைய மூடி வெச்சிருக்கேன். மூணு எங்கேருந்துடா வந்துச்சு?”

“போன தடவ மூணு காட்டினீங்களே!”

டெர்வ்லாவுக்கு மட்டும் நான் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பத்து வயது, ஒல்லி உடம்பு, முட்டியில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி. பந்து அவள் மட்டையில் ஒட்டிக்கொண்டே வரும். தலையை நிமிர்த்தி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து ஓடுவாள். மற்ற ஆறு பேரும் ஓடக் கற்றுக்கொண்டதே அவள் பின்னால் ஓடித்தான். அவள் போகிற பக்கம் தலையைத் திருப்பித் திருப்பி, ஒருவழியாக அதுகளுக்கும் கழுத்து நிமிர ஆரம்பித்திருந்தது.

அந்த வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் டெர்வ்லாவின் அம்மா கிரான்யா கார்க் கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டாள். முதியோர் இல்லத்தில் வேலை, சீருடையோடு வந்திருந்தாள்.

“டிம்ப்னா, ஒரு நிமிஷம். நாங்க வாடகைக்கு இருக்கற வீட்ட ஓனர் வித்துட்டார். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்.”

“வேற எடம்?”

“டூனீன்ல கெடைச்சிருக்கு. மருந்துக்கடை மாடி.”

பின் இருக்கையில் டெர்வ்லா ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

“தேடலன்னு மட்டும் நெனைக்காதீங்க,” என்றாள் கிரான்யா. “இந்தப் பக்கம் ஒரு கோழிக்கூண்டுகூட வாடகைக்கு இல்ல. கால் தேய நடந்துட்டேன்.”

டூனீன் என்றால் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். பாலத்தைத் தாண்டினால் வேறு பங்கு, வேறு கோயில், வேறு அணி. வீடு எந்தப் பங்கில் இருக்கிறதோ அந்தப் பங்குக்குத்தான் பிள்ளை ஆட வேண்டும். இது பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விதி, இதில் அழுது பயனில்லை. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை இரண்டு மாடுகளுக்குக் கறவைக் குழாயை மாட்டவே மறந்திருக்கிறேன் என்பது அதுகள் கத்திய கத்தலில்தான் தெரிந்தது.

அன்றே பெட்ரோல் பங்கில் டூனீன் பயிற்சியாளர் மாலக்கி நின்றிருந்தான், கையில் பாதி தின்ற சிக்கன் ரோல். கழுகுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

“அந்தப் பொண்ணு எங்க பக்கம் வருதாமே, டிம்ப்னா!”

“வாயில இருக்கறத மொதல்ல முழுங்கு.”

“கோவிச்சுக்காத. மிச்சம் ஆறு பேரையும் நீயே கூட்டிட்டு வந்துடேன். ஒண்ணா சேந்துக்கலாம். சட்ட மட்டும் எங்க கலரு.”

“உங்க சட்டைய எங்க பசங்க போடறதாவது! எம் மாட்டு மடி தொடைக்கக்கூட அது லாயக்கில்ல.”

பேச்சுக்கு என்னிடம் எப்போதும் குறைச்சல் இல்லை. காருக்குள் ஏறி உட்கார்ந்ததும், வந்த வேலையான பெட்ரோலைப் போடாமலே வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு வெட்கம் மானம் பார்க்காமல், கிரான்யாவுக்கு வாடகைக்கு இடம் கேட்டு வீடு வீடாகப் போனேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டே ‘இல்லை’ என்று சொல்வதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. வயிறு முட்டத் தேநீர்தான் கிடைத்தது. கடைசியில் அசும்ப்டாவிடம் போனேன். சுற்றுலாக்காரர்களுக்கு விடுவதற்கென்றே இரண்டு வீடு வைத்திருப்பவள்.

“ரெண்டுல ஒண்ணக் குடேன், அசும்ப்டா. ஒரு வருஷம் போதும்.”

“ஆகஸ்ட் முழுக்க அமெரிக்காக்காரங்க புக் பண்ணிட்டாங்களே.”

“பிப்ரவரியில யாரு வர்றா? பேயா?”

அவள் பால் ஜாடியை நகர்த்தி வைத்தாள். “உன் வாசலுக்கு எதுத்தாப்புலயே நாலு ரூம் வீடு பூட்டிக் கெடக்கே, டிம்ப்னா.”

“பூட்டியா கெடக்கு? ஞாயித்துக்கெழம தவறாம நான் கணப்பு மூட்டறேன். கோர்மக் வர்றப்ப ஈரவாடை இருக்கக் கூடாதுல்ல.”

“எப்ப வர்றான்?”

“அடுத்த வருஷம்.”

அசும்ப்டா என் முகத்தைப் பார்க்கவில்லை. தேநீரில் சர்க்கரையே போடாதவள், கரண்டியை விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எங்கள் ஊரில் அது கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

அடுத்த வியாழக்கிழமை பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினேன். அதிசயத்திலும் அதிசயம், ஃபியாக்ரா தலையை நிமிர்த்தி ஓடி, “ரெண்டு!” என்று கத்தினான். விரல் இரண்டுதான். சந்தோஷப்படக்கூட எனக்கு நேரமில்லை, பின்னாலேயே டெர்வ்லா வந்தாள். நாலு விரலைக் காட்டினேன். பதில் இல்லை. தலை குனிந்திருந்தது. பந்து விழுந்தது. மறுபடி ஓடவிட்டேன், மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

“தலையத் தூக்கு, டெர்வ்லா! கீழ பாக்க உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? பாலத்தத் தாண்டறதுக்கு முன்னாடியே எங்களோட ஆட மனசில்லாம போச்சா?”

ஆறு பிள்ளைகளும் அப்படியே நின்றுவிட்டன. சொன்ன வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டெர்வ்லா அழவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி, நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கினாள்.

“தலையத் தூக்கினா எல்லாரும் தெரியறாங்க,” என்றாள். “அதான் பந்தையே பாத்துக்கிட்டு ஓடறேன்.”

ஃபியாக்ரா மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, “நான் வேணா அந்த ஷெட்டுக்குப் பின்னால போய் நிக்கட்டுமா?” என்று கேட்டான். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

பயிற்சியை அத்தோடு முடித்து எல்லோரையும் அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து காரைவிட்டு இறங்காமல் எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடமாக அந்த வீட்டுக் கணப்பின் முன் குனிந்து ஊதியிருக்கிறேன். ஜன்னல் துடைத்திருக்கிறேன். எலிப்பொறி வைத்திருக்கிறேன். தலையை நிமிர்த்தி அந்த வீட்டை ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்தேன். ஆள் வாழாத வீடு. சுவரில் பச்சை படர்ந்திருந்தது. வாசலுக்குப் போகிற பாதையில் என் காலடி ஒன்றைத் தவிர வேறு தடம் இல்லை. ‘அடுத்த வருஷம்’ என்று கோர்மக் கடைசியாகச் சொன்னது எப்போது? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சில வருடங்களாகவே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது நான்தான். அவன் ‘உம்’ கொட்டிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலைக் கறவை முடிந்ததும் பெர்த்துக்கு ஃபோன் போட்டேன். அங்கே சாயங்காலம். அவன் பிள்ளைகள் அந்த ஊர் உச்சரிப்பில் கத்திக்கொண்டு தண்ணீரில் குதிக்கிற சத்தம் கேட்டது. கிரான்யாவைப் பற்றி, டெர்வ்லாவைப் பற்றி, ஏழு பேரைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னேன். மூச்சு விட்டால் அவன் பேசிவிடுவானே என்று பயம்.

“கொஞ்ச நாளைக்குத்தான், கோர்மக். நீ வர்றேன்னு சொன்ன ஒடனே காலி பண்ணிக் குடுத்துடுவாங்க.”

பிள்ளைகள் சத்தம் தூரமாகப் போனது, கதவைச் சாத்திக்கொண்டான் போல.

“டிம்ப்,” என்றான். “அவங்க எவ்வளவு நாள் வேணும்னாலும் இருக்கட்டும்.”

“எவ்வளவு நாள்னா?”

“எவ்வளவு நாள் வேணும்னாலும்.”

“வீட்ட நீ விக்காம வெச்சிருக்கியேடா. வர்றதுக்குத்தான?”

“உனக்காகத்தான் வெச்சிருந்தேன். வித்துட்டேன்னு சொன்னா நீ ஒடஞ்சு போயிடுவியோன்னு பயம். வருவியா மாட்டியான்னு நீயா கேப்ப கேப்பன்னு பாத்துட்டிருந்தேன்.”

நான் அவனுக்காக வைத்திருந்தேன், அவன் எனக்காக வைத்திருந்தான். இரண்டு பேருக்கும் வேண்டாத வீட்டில் பதினோரு வருடம் கணப்பு எரிந்திருக்கிறது. ஃபோனை வைத்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குள் போய், பசுக்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். துக்க வீட்டில்கூட நான் அப்படி அழுததில்லை.

மத்தியானம் பள்ளி விட்டதும் கிரான்யாவை எதிர்வீட்டுக்கு வரச் சொன்னேன். கதவைத் திறந்துவிட்டு, இங்கேயே குடியிருங்கள் என்றேன். ஒவ்வொரு அறையாகப் போய்க் கதவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். டெர்வ்லா மட்டும் மட்டையோடு வாசலில் நின்றிருந்தாள், உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. ஏற்கெனவே ஒரு வீட்டிலிருந்து கிளப்பப்பட்ட பிள்ளை. எதையும் சட்டென்று நம்பிவிடாது.

“இது யாரு வீடு?”

“என் தம்பியோடது.”

“அவரு திரும்பி வந்தா நாங்க மறுபடி காலி பண்ணணுமா?”

கிரான்யா உள்ளேயிருந்து, “டெர்வ்லா!” என்று அதட்டினாள்.

சாவி என் உள்ளங்கையில் இருந்தது. எவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்தேனோ, வியர்த்துச் சூடாகியிருந்தது. பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“வரமாட்டான்,” என்றேன்.

அதுவரை அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சாவியை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டாள். தரையில் கிடந்த பந்தை மட்டையால் வாரியெடுத்து, தலையை நிமிர்த்திக்கொண்டு அந்த வீட்டுக்குள் ஓடினாள்.